குடைப் பாட்டின் இரண்டாவது இடையிசை

ஜனவரி 9

மச்சானுக்கு,

உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டிருப்பாய். கிழித்திருந்தால் இதைப் படிக்கவில்லை, படிக்கிறாய் என்றால் கிழிக்கவில்லை. பன்னிரண்டாம் வகுப்பை இரண்டு தடவையில் தாண்டியவனுக்கு இந்த அளவு தர்க்கம் போதும்.

"இனி இந்த ஆள் குரல் என் காதுல விழக் கூடாது" என்று நம் பாட்டு ரசிகர் கூட்டத்தில் நாற்பது பேர் முன்னால் மைக்கில் சொல்லிவிட்டுப் போனாய். பதினான்கு மாதம் ஆயிற்று. கடிதத்துக்குக் குரல் கிடையாது, உன் சபதம் கெடாது, தைரியமாகப் படி. இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்வரை வாயைத் திறக்காதே என்று உன் அக்காவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். நானே எழுதவேண்டும் என்று இருந்தது.

போன மாதம் ஒரு ஆறு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் வேலை. என் கூட்டாளி கீழே குழிக்குள் உட்கார்ந்து எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான். மேலே மோட்டார் அறையில் ஒருவர். நடுவில் நான். "ஏத்து" என்று கத்தவேண்டியது என் வேலை. கத்தினேன். பெட்டி இறங்கியது. கூட்டாளி குழியின் மூலையில் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டதால் பிழைத்தான். சட்டைப் பை மட்டும் கிழிந்தது. வெளியே வந்து என் முகத்தையே பார்த்தான்.

"அண்ணே, இப்ப என்ன கத்தினே?"

"ஏத்துன்னு கத்தினேன்."

"எறக்குன்னு கத்தினே."

நான் சண்டைக்குப் போனேன். மேலே இருந்தவரும் வாட்ச்மேனும் 'எறக்கு' என்றுதான் கேட்டது என்றார்கள். இருபது வருடம் என்னோடு வேலை பார்த்தவன், "சரி விடு அண்ணே" என்று தோளைத் தட்டினான். அன்றைக்குத்தான் முதல் தடவை பயம் வந்தது. மறுநாள் காலையில் மகளைக் கூப்பிட வாயைத் திறந்தேன், "ஸ்பேனர்" என்று வந்தது. அவள் சிரித்தாள். இரண்டாவது தடவையும் வந்தபோது சிரிக்கவில்லை.

படம் எடுத்துப் பார்த்தார்கள். தலையின் இடது பக்கம், பேச்சு இருக்கிற தெருவில், கோலிக்குண்டு அளவுக்கு ஒரு கட்டி குடி வந்திருக்கிறது. வாடகை தராத ஆசாமி. காலி பண்ண வைக்கவேண்டும். ஆனால் அக்கம்பக்கத்து வீடுகள் இடியக் கூடாது. அதனால் தலையைத் திறந்த பிறகு என்னை எழுப்பிவிடுவார்களாம். நான் பேசிக்கொண்டே இருக்கவேண்டுமாம். டாக்டர் ஒவ்வொரு இடமாக மெல்லிய கரெண்ட் வைத்துத் தொடுவார். பேச்சு குழறினால் அந்த இடத்தில் கை வைக்கமாட்டார். குழறாவிட்டால் அங்கே எடுப்பார். கேட்டுக்கொண்டிருந்த உன் அக்கா நாற்காலியை விட்டு எழுந்து போய்விட்டாள். எனக்கும் போகத்தான் ஆசை, தலை என்னுடையதாகப் போய்விட்டது.

"எதைப் பத்திப் பேசினா தடங்கல் இல்லாம பேசுவீங்க?" என்று டாக்டர் அம்மா கேட்டார். நான் வாயைத் திறக்கும் முன் மகள் சொன்னாள்: "சினிமாப் பாட்டு, டாக்டர். நிறுத்தறதுதான் கஷ்டம்." பாட்டு, படம், பின்னணி இசை, எந்த இடத்தில் எந்த வாத்தியம் என்று நான் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போகலாமாம். நல்ல ஏற்பாடு. ஆனால் அடுத்த கேள்வி: "நீங்க தப்பா சொன்னா எங்களுக்கு எப்படித் தெரியும்?"

மகள் தரையைப் பார்த்தபடி சொன்னாள்: "மாமா ஒருத்தருக்குத்தான் தெரியும்."

அறுவை அறைக்குப் பக்கத்தில் கண்ணாடி போட்ட ஒரு சின்ன அறை இருக்கிறது. நீ அங்கே உட்கார்ந்து, காதில் ஒன்றை மாட்டிக்கொண்டு, நான் சொல்வதைக் கேட்கவேண்டும். தப்பு வந்தால் உடனே "தப்பு" என்று சொல்லவேண்டும். அவ்வளவுதான். இருபத்திரண்டு வருடமாக நீ சம்பளம் வாங்காமல் செய்துவந்த வேலைதான்.

இன்னொன்று. கட்டி ஒன்றரை, இரண்டு வருடமாக இருந்திருக்கலாம் என்கிறார்கள். அப்படியானால் குடைப் பாட்டின் இரண்டாவது இடையிசை புல்லாங்குழல் என்று நான் சாதித்தேனே, அன்றைக்குப் பேசியது நானா, கட்டியா? லிஃப்ட்டில் மூன்று பேர் கேட்டது எனக்குக் கேட்கவில்லை. அன்றைக்கு நாற்பது பேர். பதிலுக்கு நான் உன்னை, "கம்பெனியில பாட்டில் பாக்கிறவனுக்குப் பாட்டு எங்க தெரியும்" என்று கேட்டேன். அதுவும் கட்டி கேட்டதாக வைத்துக்கொள்.

பிப்ரவரி 12 காலை எட்டு மணிக்கு.

அத்தான்


ஜனவரி 16

அத்தானுக்கு,

கடிதம் திங்கட்கிழமை வந்தது. ஷிஃப்ட் முடிந்து வந்து செருப்போடு நின்றபடியே படித்தேன். பிறகு அக்காவுக்குப் போன் செய்தேன். அவள் அழுதாள்.

என்னால் இது முடியாது. கோபத்தில் சொல்லவில்லை. என் வேலை என்னவென்று உங்களுக்குத் தெரியும். வெளிச்சப் பலகைக்கு முன்னால் உட்கார்ந்து, ஓடுகிற பாட்டில்களில் கீறல் விழுந்ததைப் பார்த்து எடுத்துப் போடுகிறேன். நிமிடத்துக்கு அறுபது. இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை ஆளை மாற்றிவிடுவார்கள், அதற்கு மேல் கண் ஏமாற்றும். அப்படியும் ஒன்றிரண்டு தப்பிப் போகும். பாட்டில் தப்பினால் கடையிலிருந்து திரும்பி வரும். நான் கவனிக்காமல் விட்டால் உங்களிடம் எது திரும்பி வரும்?

நீங்கள் சரியாகச் சொன்னதை நான் தப்பென்றால் கட்டியை விட்டுவிடுவார்கள். தப்பாகச் சொன்னதை நான் விட்டுவிட்டால் வெட்டிவிடுவார்கள். இரண்டில் எது நடந்தாலும் அக்கா முகத்தில் எப்படி விழிப்பேன்? மருமகள் என்னை ஆயுசுக்கும் மாமா என்று எப்படிக் கூப்பிடுவாள்?

வேறு யாரையாவது பாருங்கள். நம் கூட்டத்தில் அந்த ஆர்மோனியக்காரர் இருக்கிறாரே. நம்ம ஆளு இசை போட்ட பாட்டெல்லாம் அவருக்கும் தெரியும்.

உங்கள் குரல் காதில் விழக் கூடாது என்று சொன்னேன். அந்த வார்த்தையை எங்கே போய்த் திருப்பி வாங்குவேன்?

குடைப் பாட்டை நேற்று மறுபடி கேட்டேன். நீங்கள் சொன்னதே சரி, அத்தான். புல்லாங்குழல்தான். நான்தான் தப்பு. அதைப் பற்றி இனி நினைக்காமல் நிம்மதியாக இருங்கள்.

மச்சான்


ஜனவரி 22

மச்சானுக்கு,

உன் கடிதத்தில் கடைசி நான்கு வரியைப் படித்ததும் பயந்துபோனேன். டாக்டர் படத்தைக் காட்டி விளக்கியபோதுகூட இவ்வளவு பயம் வரவில்லை.

நீ எப்போதடா என்னை ஒத்துக்கொண்டாய்? உன் அக்காவைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கே, ரேடியோவில் போன பாட்டைப் பாடியது யார் என்று நான் சொன்னதற்கு, தட்டோடு வந்த நீ, "இல்லீங்க, அவர் தம்பி" என்றாய். உனக்குப் பதினாறு வயது. அன்றிலிருந்து ஒரு நாள், ஒரே ஒரு நாள், "சரி அத்தான்" என்று சொன்னதுண்டா? தந்தி வருகிற காட்சியில் ஒற்றை வயலின் எத்தனை நொடி என்பதற்கு ஸ்டாப்வாட்ச் வாங்கிக்கொண்டு வந்தவன் நீ. இப்போது "நீங்கள் சொன்னதே சரி" என்கிறாய். பிழைக்கமாட்டான் என்று தெரிந்தவனிடம் பேசுகிற பேச்சு இது.

உன் அக்காவிடம் டாக்டர் தனியாக ஏதோ சொல்லியிருக்கிறார். அவள் உன்னிடம் சொல்லியிருக்கிறாள். எனக்கு மட்டும் சொல்லவில்லை. வீட்டிலும் இப்படித்தான் நடக்கிறது. டிவியை நான் கேட்டால் கொடுத்துவிடுகிறார்கள். நான் பாடினால் யாரும் கதவைச் சாத்துவதில்லை. மகள் நேற்று, "நல்லா பாடறீங்கப்பா" என்றாள். பாட்டை அங்கேயே நிறுத்திவிட்டேன்.

கூட்டாளி வந்தான். ஞாயிற்றுக்கிழமைச் சட்டை போட்டுக்கொண்டு, பிஸ்கட் பாக்கெட்டோடு. இருபது வருடத்தில் எனக்காக அவன் ஒரு டீகூட வாங்கியதில்லை.

ஆர்மோனியக்காரரை எனக்குத் தெரியும். நல்ல மனுஷன். நான் தப்பாகச் சொன்னால், பாவம் உடம்பு சரியில்லாதவர் என்று விட்டுவிடுவார். எனக்கு நல்ல மனுஷன் வேண்டாம். நீ வேண்டும்.

உண்மையை எழுது. புல்லாங்குழலைப் பற்றியும், மற்றதைப் பற்றியும்.

அத்தான்


ஜனவரி 29

அத்தானுக்கு,

சரி, கேட்டுக்கொள்ளுங்கள்.

டாக்டர் அக்காவிடம் சொன்னது இது. கட்டியின் ஒரு ஓரம், நாக்கு மாதிரி, பேச்சு இருக்கிற இடத்துக்குள் நீண்டிருக்கிறது. அந்த நாக்கை எடுத்தால்தான் முழுசாகப் போனதாக அர்த்தம். எடுக்கும்போது பேச்சும் கூடவே போகலாம். எடுக்காமல் விட்டால் மறுபடி வளரலாம். எடுப்பதா விடுவதா என்பது அன்றைக்கு அந்த மேசையில்தான் தெரியுமாம். அதை உங்களிடம் சொல்ல அக்காவுக்கு மனம் வரவில்லை. எனக்கும் வரவில்லை. சொல்லிவிட்டேன்.

இனி புல்லாங்குழல். நேற்று ஏழு தடவை கேட்டேன். அது புல்லாங்குழல் இல்லை. ஒரு பெண் வாயை மூடிக்கொண்டு ஹம்மிங் செய்கிறாள். மூன்றாவது சுற்றில் அவள் மூச்சு வாங்குவதுகூடக் கேட்கிறது. காது உள்ள எவனும் அதைப் புல்லாங்குழல் என்று சொல்லமாட்டான். எழுதி முடித்தபோது எனக்கே கொஞ்சம் மூச்சு வந்தது. உங்களுக்கும் வந்திருக்கும்.

மூன்று நாள் லீவு கிடைத்திருக்கிறது. வருகிறேன். பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண்ணிடம் போனில் பேசினேன். சந்தேகமே இல்லாத இருபத்தாறு கேள்விகளைப் பதிலோடு கேட்டார். எழுதி அனுப்பிவிட்டேன். மாடிப்படிப் பாட்டு, தந்திக் காட்சி, இரட்டையர் சண்டைக்கு வருகிற டிரம்ஸ் எல்லாம் உண்டு. குடைப் பாட்டை மட்டும் சேர்க்கவில்லை. நம் இரண்டு பேருக்கும் ஒத்துப்போகாத எதையும் அங்கே வைக்கக் கூடாது. இதில் மட்டும் பிடிவாதம் வேண்டாம்.

பயம் எனக்கும்தான். பாட்டில் ஓடும்போது கண்ணில் படுவதெல்லாம் கீறலாகத் தெரிகிறது. நேற்று பதினோரு நல்ல பாட்டிலை எடுத்துப் போட்டுவிட்டேன். சூப்பர்வைசர், "வீட்டுல ஏதாச்சும் பிரச்சினையா?" என்று கேட்டார். அத்தானுக்குப் பாட்டுப் பரீட்சை என்றேன்.

மச்சான்


பிப்ரவரி 11

மச்சானுக்கு,

நீ பக்கத்து வார்டு வராந்தாவில் உன் அக்காவோடு உட்கார்ந்திருக்கிறாய். கண்ணாடி வழியே உன் முதுகு தெரிகிறது. நேரில் வந்தும் நாம் பேசிக்கொண்டது, "பஸ்ல இடம் கிடைச்சுதா?" "கிடைச்சுது." அவ்வளவுதான். அதற்கு மேல் பேசினால் இரண்டு பேரும் அசிங்கமாக அழுதிருப்போம். அதனால் எழுதி மகளிடம் கொடுக்கிறேன். நாளைக்குப் பிறகு எனக்குப் பேச்சு வராவிட்டால் மட்டும் உன்னிடம் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

இடது பக்கம் மழித்துவிட்டார்கள். கண்ணாடியில் பாதி கதாநாயகன், பாதி வில்லன்.

சாவதற்குப் பயம் இல்லை என்று ஜம்பம் அடிக்க ஆசை. இருக்கிறது. ஆனால் அதைவிடப் பெரிய பயம் வேறு. நான் உட்கார்ந்திருப்பேன், பாட்டு ஓடும், எல்லாம் தெரியும், மகள் தப்பான படத்தின் பேரைச் சொல்லுவாள், அதைத் திருத்த எனக்கு வாய் இருக்காது. அதைத்தான் நினைத்து நினைத்துப் பார்க்கிறேன்.

அப்படி ஆகிவிட்டால் வருஷத்துக்கு ஒரு தடவையாவது வந்து என் எதிரில் உட்கார்ந்து வேண்டுமென்றே தப்புத் தப்பாகச் சொல்லு. எனக்குக் கோபம் வருகிறதா என்று பார். வந்தால் நான் உள்ளே இருக்கிறேன் என்று உன் அக்காவிடம் சொல்லு.

அத்தான்


பிப்ரவரி 17

அத்தானுக்கு,

லீவு முடிந்துவிட்டது. நான் கிளம்பும்போது நீங்கள் கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தீர்கள். என் கையை அழுத்தினீர்கள். பேசவில்லை. இன்று ஐந்தாவது நாள். இன்னும் ஒரு வார்த்தை வரவில்லை என்று அக்கா காலையில் சொன்னாள். வீக்கம் வடிந்தால் வரலாம் என்கிறார் டாக்டர். வரலாம் என்கிறாரே தவிர, வரும் என்று சொல்லவில்லை.

நீங்கள் கொடுத்து வைத்திருந்த கடிதத்தை மருமகள் பஸ் ஸ்டாண்டில் என் கையில் திணித்தாள். பஸ்ஸில் படித்தேன். பக்கத்து சீட்டுக்காரர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். அதிலும் ஒரு கீறல்.

உள்ளே என்ன நடந்தது என்று உங்களுக்கு நினைவு இருக்கிறதோ இல்லையோ. நான் சொல்லியாகவேண்டும்.

பச்சைத் துணிக்கு அடியில் உங்கள் முகத்தில் பாதிதான் எனக்குத் தெரிந்தது. காதில் உங்கள் குரல். முதல் பத்துக் கேள்விக்கு ஒரு குறை சொல்ல முடியாது. பதினோராவதில், மாடிப்படிப் பாட்டின் ஆரம்பம் கிட்டார் என்பதற்கு "கி... கி... கதவு" என்றீர்கள். "தப்பு!" என்று கத்தினேன். டாக்டர் கையை எடுத்தார். அந்த இடத்தில் ஒரு சின்னக் காகித எண்ணை வைத்தார்கள். பதினெட்டாவதில் மறுபடி. கத்தினேன். இன்னொரு எண். என் சட்டை முழுக்க நனைந்துவிட்டது.

இருபத்தாறும் முடிந்தது. டாக்டர், "இன்னும் ஒரு ஓரம் பாக்கி, பேச்சை நிறுத்தாதீங்க" என்றார். அந்த நாக்கு. காகிதத்தில் கேள்வி இல்லை. அந்தப் பெண் தவித்தார். நீங்கள் சும்மா இருப்பீர்களா? நீங்களாகவே குடைப் பாட்டை ஆரம்பித்துவிட்டீர்கள். வேண்டாம் அத்தான், வேண்டாம் என்று நான் இந்தப் பக்கம் பல்லைக் கடித்தேன். பல்லவி சரி. முதல் இடையிசை சரி. சரணம் ஒரு எழுத்துப் பிசகவில்லை. அப்புறம் நிதானமாகச் சொன்னீர்கள்: "இப்ப ரெண்டாவது இடையிசை... புல்லாங்குழல்."

அந்தப் பெண் கண்ணாடி வழியே என்னைப் பார்த்தார். டாக்டர் கை அந்தரத்தில் நின்றது.

"சரியா, தப்பா?"

"தப்பு" என்று சொல்லிவிட்டேன். டாக்டர் கையை விலக்கப் போனார். அப்போதுதான் உறைத்தது. "இல்ல டாக்டர், இருங்க! தப்புதான், ஆனா கரெண்ட்டால வந்த தப்பு இல்ல. அது அவரோட வழக்கமான தப்பு! பதினஞ்சு மாசமா இதையேதான் சொல்றார்!"

"உறுதியா?"

"கட்டி எடுத்தாலும் எடுக்காட்டாலும் அவர் அப்படித்தான் சொல்வார். எடுங்க."

உள்ளே யாரோ சிரித்தார்கள். நீங்கள் படுத்தபடியே, "அவனுக்குக் காது கிடையாது டாக்டர்" என்றீர்கள். எடுத்தார்கள்.

அதுதான் நீங்கள் கடைசியாகப் பேசியது.

"எடுங்க" என்று சொன்னது நான். அது கட்டியினால் வந்த தப்பாக இருந்திருந்தால்? பதினைந்து மாதமாக அந்த இடத்திலிருந்துதான் வந்துகொண்டிருந்தது என்றால்? நீங்களே அப்படித்தானே முதல் கடிதத்தில் கேட்டிருந்தீர்கள். அதை நான் அங்கே நினைக்கவே இல்லை, அத்தான். உங்களைத் தெரியும் என்ற திமிரில் சொல்லிவிட்டேன். வெளிச்சப் பலகைக்கு முன்னால் உட்கார்ந்தால் அந்த ஒரு வார்த்தைதான் காதில் கேட்கிறது.

மருமகளை இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். சொல்ல முடியாதே. அவளே படித்துக் காட்டுவாள்.

மச்சான்


மார்ச் 4

மச்சானுக்கு,

இந்தக் கடிதத்தை எழுத நான்கு நாள் ஆனது. வார்த்தை வராத இடத்தில் கோடு போட்டுவிட்டு நகர்ந்துவிடுவேன், மாலையில் மகள் வந்து என்னிடம் கேட்டு நிரப்புவாள். கையெழுத்து அழகாக இருக்கிற இடமெல்லாம் என் தலையில் பள்ளம் என்று வைத்துக்கொள்.

உன் கடிதத்தை மகள் எனக்குப் படித்துக் காட்டினாள். பதில் சொல்ல வாய் வரவில்லை. ஒன்பதாம் நாளும் வரவில்லை. உன் அக்கா கட்டிலின் காலடியில் உட்கார்ந்து ஜன்னலையே பார்த்துக்கொண்டிருப்பாள். நான் பிழைத்துவிட்டேன் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. யார் பிழைத்தது என்றுதான் தெரியவில்லை.

பதினோராம் நாள் மத்தியானம், மகள் தன் ஹெட்ஃபோனை என் காதில் மாட்டினாள். மழித்த பக்கம் வலித்தது. குடைப் பாட்டு. பல்லவி போனது, சரணம் போனது. இரண்டாவது இடையிசை வந்ததும் நிறுத்தினாள்.

"அப்பா, இது என்ன?"

எனக்குத் தெரிகிறது மச்சான். நெஞ்சு வரைக்கும் வருகிறது, தொண்டையில் லிஃப்ட் நின்றுபோன மாதிரி நிற்கிறது. மகள் காத்திருந்தாள். வியர்த்து ஊற்றியது. என்னமோ ஒரு பட்டன் அழுந்தியது.

"குழல்" என்றேன்.

மகள் என் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். உன் அக்கா எழுந்து வந்தாள். "என்ன சொன்னீங்க?" இரண்டாவது தடவை முழுசாக வந்தது: "புல்லாங்குழல்." அவள் அழுதுகொண்டே, "இன்னும் அதே தப்பா?" என்றாள்.

ஆக, நீ எடுக்கச் சொன்ன இடத்தில் அது இல்லை. கட்டி போய்விட்டது, தப்பு அப்படியே இருக்கிறது. அது என் சொந்தத் தப்பு. இத்தனை நாள் நோயின் மேல் பழி போட்டுத் தப்பிக்கப் பார்த்தேன், முடியவில்லை. நீ சரியாகத்தான் சொன்னாய். இதை எழுதுகிறபோது கை கூசுகிறது, இரண்டாவது தடவை எழுதமாட்டேன். நீ வெளிச்சப் பலகைக்கு முன்னால் உட்கார்ந்து பாட்டிலை மட்டும் பார்.

இப்போது ஒரு நாளைக்கு நாற்பது, ஐம்பது வார்த்தை வருகிறது. "ஸ்பேனர்" இன்னும் வரவில்லை. மகள் பேர் வந்துவிட்டது. கூட்டாளி வந்து, "ஏத்து சொல்லு அண்ணே" என்றான். சொன்னேன். "எறக்கு சொல்லு." சொன்னேன். "இனிமே நான் குழியில இருக்கறப்ப நீ எதுவுமே சொல்லாதே" என்று சொல்லிவிட்டுப் போனான்.

எடுத்த கட்டியைப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். நல்லதா கெட்டதா என்று வியாழக்கிழமை தெரியும். எல்லோரும் மறுபடி என்னிடம் அன்பாக இருக்க ஆரம்பித்துவிட்டார்கள். காலையில் உன் அக்கா என்னைக் கேட்காமலே என் பாட்டை வைத்தாள். எனக்கு மறுபடி பயம் வந்துவிட்டது.

புதன்கிழமைக்குள் எனக்குக் கிடைக்கிற மாதிரி ஒரு கடிதம் போடு. மூன்றாவது சுற்றில் அவள் மூச்சு வாங்குகிறாள் என்றாயே, நேற்று நான்கு தடவை கேட்டேன், ஒரு மூச்சும் இல்லை. ஊதுகிறவன் விரலை மாற்றுகிற சத்தம் அது. இதற்கு நீ என்ன சொல்கிறாய்? விவரமாக எழுது, எத்தனை பக்கமானாலும் எழுது, காது செவிடா என்றுகூடக் கேள்.

சரி என்று மட்டும் எழுதிவிடாதே.

அத்தான்